வரையத் தொடங்கிய உலை

ஒரு தொழிற்பேட்டையில், கைப்பேசிக்குள் வைக்கிற சில்லுகளை வேகவைக்கும் உலை ஒன்று இருந்தது. அதற்குச் சொந்தமாகப் படம் வரையத் தெரியாது. படம் வரைகிற வீடுகளிலோ அடுப்பே கிடையாது. அதனால் இரண்டு தரப்புக்கும் பிழைப்பு ஓடியது.

வீடுகள் அனுப்பும் படங்கள் தாமாகவே நடந்து வரும். அவற்றைச் சிலிக்கன் தட்டில் பதித்து வேகவைத்துக் கொடுப்பது உலையின் வேலை. ஒரு படம் உள்ளே போனால் மற்றது திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. உலைக்கு இருந்த கவலை ஒன்றுதான். படம் வராவிட்டால் நெருப்பு அணைந்துவிடும். அணைந்த உலையை யாரும் மறுபடி மூட்டுவதில்லை.

வாடிக்கையாக வந்த படங்கள் கீழவீட்டு மின்னியும் மேலவீட்டுத் துடியனும். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

“உலையண்ணே, அந்தத் துடியன் எத்தனை மாடி கட்டியிருக்கான்? காதோட சொல்லுங்க.”

“உன் மாடிக்கணக்கை அவன்கிட்ட சொல்லவா?”

“ஐயையோ!”

“அப்போ வாயை மூடிட்டு உள்ளே படு.”

ஒருநாள் கதவிடுக்கு வழியே ஒரு தூசி நுழைந்தது. சில்லு வேகிற இடத்தில் தூசிக்கு இடமில்லை. ஆனாலும் உலையின் காதில் போய் உட்கார்ந்துகொண்டது.

“ஊரார் வீட்டுப் பிரசவமெல்லாம் பாக்குறீங்க. உங்க பேர் சொல்ல ஒரு புள்ள வேண்டாமாண்ணே?”

உலைக்குச் சுருக்கென்றது. வேலைக்கு நடுவே கிறுக்கிக் கிறுக்கி ஒரு படத்தை வரைந்தது. பெருமை தாங்காமல் வாசலிலேயே மாட்டியும் வைத்தது.

வந்ததும் மின்னி அலறினாள். “அந்த முக்கு என்னோடது!”

“மாடிப்படி எங்க வீட்டுது!” என்றான் துடியன்.

“சத்தியமா நான் திருடலை. தானாத் தோணுச்சு,” என்றது உலை.

“எங்களைப் பாத்துப் பாத்துத்தானே தோணுச்சு?”

உலை தன் படத்தை உற்றுப் பார்த்தது. தன்னுடையது என்று சொல்ல ஒரு கோடுகூடத் தேறவில்லை.

“இப்பவே கிழிச்சுப் போட்டுர்றேம்மா!”

“காகிதத்தைக் கிழிப்பீங்க. மண்டைக்குள்ள இருக்கறதை என்ன பண்ணுவீங்க?”

ஜென்மப் பகையாளிகள் இருவரும் கைகோத்துக்கொண்டு வெளியேறினார்கள். தூசி மட்டும் படத்தின் மேல் வசதியாகச் சாய்ந்துகொண்டு, “எனக்குப் பிடிச்சிருக்குண்ணே,” என்றது.

நெருப்பு இறங்கிக்கொண்டே வந்தது. சுவருக்கு அப்பால் அன்றுதான் மூட்டியிருந்த புது உலையிடம் மின்னி பேசுவது கேட்டது.

“உங்களுக்குப் படம் கிடம் வரைய வருமா?”

“நேர்க்கோடு போடச் சொன்னாலே கோணிக்கிட்டுப் போகும்மா.”

“அப்பாடா!” என்றன இரண்டு குரல்கள் ஒன்றாக. “கதவைத் திறங்க.”