ஓடினால் கொதிக்கும் வண்டி

"எல்லாத்தையும் மாத்திட்டேன் மேஸ்திரி. இன்னும் கொதிக்குது!"

கயத்தாறு பைபாஸ் ஓரத்தில் ஜெசிந்தாவின் பட்டறை. வாடகைக் கார் ஓட்டும் உலகநாதன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது பானெட் இடுக்கில் ஆவி புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தாவைவிட அவர் நாலு வயது மூத்தவர். ஆனாலும் ஆறு வருஷம் அவளிடம்தான் இன்ஜின் வேலை படித்தார். அவருக்கு அவள் மேஸ்திரி, அவளுக்கு அவர் அண்ணாச்சி. அதில் இரண்டு பேருக்கும் ஒரு வருத்தமும் இல்லை.

அவர் ரேடியேட்டர் மூடிக்குக் கையை நீட்டினார். அவள் தட்டிவிட்டாள்.

"மூஞ்சி வெந்து போகும். ஆறட்டும்."

"ஆறுறதுக்கு நேரம் இல்ல மேஸ்திரி. சாத்தூர்ல இருந்து போன் வந்துருக்கு. ஆத்துப் பாலத்துக்கிட்ட அண்ணன மாதிரி ஒரு ஆள் நிக்காராம்."

அண்ணன் மாசிலாமணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வராது. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. திருவிழாக் கூட்டத்தில் தம்பி கையை விட்டுப் போய் ஆறு நாள் ஆகிறது. லாரி பறக்கிற நாலுவழிச் சாலை. ஹாரன் அடித்தாலும் மனுஷன் திரும்பிப் பார்க்க மாட்டார்.

"முந்தாநாள் சங்கரன்கோவில்ல பாத்ததாச் சொன்னாங்க. வழியில நாலு தடவ கொதிச்சு நின்னேன். போய்ச் சேந்தா ஆள் இல்ல. இப்பத்தான் எந்திரிச்சுப் போனாருங்கான் டீக்கடைக்காரன்."

அவர் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தத் தடவையும் விட்டேன்னா நான் மனுஷனே இல்ல."

"என்னெல்லாம் பாத்தீங்க?"

"வாட்டர் பம்ப் புதுசு. தெர்மோஸ்டாட் புதுசு. ஃபேன் சுத்துது. ஒழுக்கு கிடையாது. ரேடியேட்டரையும் கழுவிட்டேன்."

"எங்க நின்னு கழுவுனீங்க?"

"இன்ஜின் பக்கம் நின்னுதான்."

"ஏன், முன்னால வந்து நின்னா என்ன?"

உலகநாதன் குனிந்து இன்ஜினைப் பார்த்தார்.

"நின்னா கொதிக்குதா, ஓடுனா கொதிக்குதா?"

"ஓடுனாத்தான். கொஞ்சம் மிதிச்சாப் போதும், சூடு காட்டுற முள்ளு சிவப்புக்குப் போயிருது."

"எத்தன நாளா?"

"அஞ்சு நாளா."

ஜெசிந்தா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. உலகநாதனுக்கு அவளைப் பிடித்து உலுக்கலாம்போல் இருந்தது.

அரை மணி நேரம் போனது. அவருக்கு அது அரை நாள். சூடு தணிந்த பிறகு அவள் மூடியைத் திறந்து, குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்பி, டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"முன்னால வாங்க, அண்ணாச்சி."

"நான் இங்கனயே நிக்கேனே."

"வாங்கங்கேன்ல!"

வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நான் மிதிக்கேன். நீங்க நிமிந்து பாருங்க."

நிமிர்ந்தார்.

வண்டியின் முகப்பு முழுவதையும் மறைத்து ஒரு ஃபிளெக்ஸ். மேலே 'காணவில்லை' என்று பெரிய எழுத்து. நடுவில் அண்ணன் முகம். கீழே போன் நம்பர். அவரே கட்டியதுதான். ஐந்து நாளாக ஊர் ஊராக எல்லோருக்கும் காட்டிக்கொண்டு போனவர், கட்டிய பிறகு ஒரு தடவைகூட அதன் முன்னால் வந்து நிற்கவில்லை. நின்றால் அழுதுவிடுவார்.

ஜெசிந்தா மிதித்தாள். உள்ளே ஃபேன் வேகம் பிடித்தது.

மாசிலாமணியின் இரண்டு கன்னங்களும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டன.

அட கடவுளே! ரேடியேட்டருக்குக் காற்றே போகாமல் அண்ணன் படம்தான் அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஆறு வருஷம் தொழில் படித்த மனுஷன்!

ஜெசிந்தா இறங்கி வந்து பிளேடால் கயிற்றை அறுத்தாள்.

"ஐயோ, அதக் கழட்டாதீங்க!" உலகநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எதிர்ல வாரவன் எப்படிப் பாப்பான்?"

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். ஃபிளெக்ஸை அப்படியே பின்னால் கொண்டுபோய் டிக்கியின் மேல் விரித்து இழுத்துக் கட்டினாள்.

"எதிர்ல வாரவன் எவ்வளவு நேரம் பாப்பான்?"

"ஒரு செகண்டுகூட இருக்காது. சட்டுனு தாண்டிருவான்."

"பின்னால வாரவன்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் சாவியை அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

"கிளம்புங்க."

கோவில்பட்டி தாண்டியது. முள் நடுவிலேயே நின்றது. உலகநாதனுக்கு நம்பிக்கை வரவில்லை. ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தார். சாத்தூருக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். ஆண்டவா, அண்ணன் அங்கேயே நிற்கணும்.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

ஒதுங்கி வழி விட்டார். லாரி முந்தவில்லை. மறுபடியும் ஹாரன். லைட்டையும் போட்டுப் போட்டு அணைத்தான்.

"அவசரம்னா போய்த் தொலையேன்டா!" என்று கத்திக்கொண்டே இன்னும் ஒதுங்கினார்.

லாரி முந்தவில்லை.

கண்ணாடியில் பார்த்தார். லாரி டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருந்தான். அந்தக் கை டிக்கியைக் காட்டியது. அப்புறம் வந்த வழியைக் காட்டியது. திரும்பவும் டிக்கியை, அதில் கட்டிய அண்ணன் முகத்தை. திரும்பவும் வந்த வழியை.

உலகநாதன் பிரேக்கை மிதித்தார்.