கொற்றி கொடுக்காத வில்

இந்தக் கதையைக் கேட்பவர் முடிவில் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ஆகையால் நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள்.

வெண்பாறை மலையில் கொற்றி என்றொரு வேட்டுவப் பெண் இருந்தாள். சிறு வயதில் தேனெடுக்கப் பாறையேறி விழுந்ததில் அவளுடைய இடக்கை முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் முழங்கை அதன்பின் முழுதாக நீளவில்லை. ஊரில் இருந்த எந்த வில்லும் அந்தக் கைக்குப் பொருந்தவில்லை. "உனக்கு வேட்டை வராது, கிழங்கு தோண்டப் போ" என்றார்கள்.

வில் செய்யும் பூதன் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவளை நிற்க வைத்து, நடக்க வைத்து, கையை மடக்கி நீட்டச் சொல்லி மூன்று நாள் அளவெடுத்தான். பிறகு தடசு மரத்தில் ஒரு வில் செய்தான். அதன் பிடி நடுவில் இல்லை. இரண்டு விரல் கீழே தள்ளி இருந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு மழைக்காலம் போவதற்குள் அந்தச் சிரிப்பு நின்றது.

பத்தொன்பது ஆண்டுகள் அந்த வில்லோடு கொற்றி காடேறினாள். நாண் எத்தனையோ முறை மாறிவிட்டது, வில் அதேதான். அவள் கட்டைவிரல் பதிந்து பதிந்து பிடியில் ஒரு குழி விழுந்திருந்தது. மழையில் தான் நனைந்தாலும் வில்லைத் தோலால் மூடிவிடுவாள். வேறு யார் எடுத்து எய்தாலும் அம்பு குறி தப்பி ஓடும். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

ஒரு நாள் வேட்டைக்கு வந்த அரசகுமாரன்மேல் காட்டுப்பன்றி பாய்ந்தது. குதிரை அவனைக் கீழே தள்ளிவிட்டு ஓடிப்போயிற்று. கொற்றி எய்த ஒரே அம்பில் பன்றி சரிந்தது. சேதி கேட்ட அரசன் மலைக்கே வந்தான்.

"என் மகனைக் காத்தாய். என்ன வேண்டும், கேள்."

"கிழக்குச் சரிவில் நாங்கள் வேட்டையாடக் கூடாது என்று காவல் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சரிவு எங்களுக்கு வேண்டும்."

"தந்தேன்" என்றான் அரசன், ஊரே கேட்க. அதற்குப் பிறகுதான் அவன் கண் வில்லின்மேல் விழுந்தது. "மகனைக் காத்த வில் என் ஆயுதசாலையில் இருக்க வேண்டும். பௌர்ணமிக்குள் கொண்டு வந்து சேருங்கள்" என்றான்.

கொற்றி வாய் திறப்பதற்குள் ஊர்த்தலைவனான அவள் அண்ணன் அந்துவன் முந்திக்கொண்டான். "கொண்டு வருகிறோம் அரசே, இது என் வாக்கு."

அரசன் போனதும் கொற்றி அண்ணன் எதிரே வந்து நின்றாள்.

"யார் வில்லை யார் கொடுப்பது, அண்ணே?"

"நாற்பது குடும்பம் அந்தச் சரிவை நம்பி இருக்கிறதம்மா. பூதன் உனக்கு இன்னொன்று செய்து தருவான்."

"எனக்கு இன்னொரு கை முளைத்தால் இன்னொரு வில் கேட்கிறேன். இதைத் தர மாட்டேன். அரசனே வந்து பிடுங்கட்டும், பார்க்கலாம்."

அந்துவன் தங்கையை அறிந்தவன். மேலே பேசாமல் பூதனிடம் போனான். அந்த வில்லை அவளிடமிருந்து பிரிக்கப் பூதனுக்கு மனமில்லை. ஊர் பட்டினி கிடப்பதைப் பார்க்கவும் மனமில்லை. ஆகவே பழைய அளவிலேயே அச்சு அசலாக இன்னொரு வில் செய்து, புகையில் கட்டிக் கறுக்க வைத்தான். கொற்றியிடம் இருவரும் மூச்சு விடவில்லை. பௌர்ணமிக்கு முன்பே அது அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது.

அரசனுடைய வில்லாளிகள் ஒருவர் மாற்றி ஒருவர் எய்து பார்த்தார்கள். ஓர் அம்பும் குறியில் படவில்லை. அரசனுக்குச் சந்தேகம் தட்டியது. "அந்தப் பெண்ணே வந்து எய்து காட்டட்டும். அண்ணனும் வில் செய்தவனும் கூட வரட்டும்" என்று ஆளனுப்பினான்.

"அரசர் உன் திறமையைப் பார்க்க ஆசைப்படுகிறார். உன் வில்லை எடுத்து வராதே" என்று மட்டும் அந்துவன் தங்கையிடம் சொன்னான். அதை விட்டுவிட்டு அவள் எங்கே போயிருக்கிறாள்? தோலுறையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டுதான் சபைக்குள் நுழைந்தாள்.

அரசன் தன்னிடமிருந்த வில்லை அவள் கையில் கொடுத்தான். பிடித்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அளவு அவளுடையது, பிடியோ வழுவழுவென்று கிடந்தது. பூதன் தலை குனிந்தான். அந்துவன் கண்ணாலேயே கெஞ்சினான். அந்த வில்லிலும் அவளால் குறி தப்பாமல் எய்ய முடியும். ஓர் அம்பு விட்டால் போதும். ஊர் தப்பும், அண்ணன் தப்புவான், அவளுடைய வில்லும் அவளிடமே இருக்கும். ஆனால் அதன்பின் அதைத் திருட்டுப் பொருளைப் போல ஒளித்து ஒளித்துத்தான் எடுக்க வேண்டும். நினைக்கும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வில்லைத் தரையில் வைத்தாள்.

"இது என் வில் இல்லை. என்னுடையது என் தோளில் இருக்கிறது. அதை நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்."

அரசன் எழுந்துவிட்டான். "பொய் வில்லைக் கொடுத்து என் சரிவை வாங்கிக்கொண்டீர்களா? சரிவு இனி உங்களுக்கு இல்லை. மூவருக்கும் தண்டனை உண்டு!"

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, ஊருக்காக வாக்குக் கொடுத்தான் அந்துவன். ஊரையும் வில்லையும் ஒருசேரக் காக்கப் பார்த்தான் பூதன். இருவரும் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னாள் கொற்றி. இவர்களில் யார் செய்தது சரி? கிழக்குச் சரிவு யாருக்குச் சேரும்?

விடை: கொற்றி செய்ததே சரி, சரிவும் மலைக்காரர்களுக்கே. அமைச்சர் எழுந்து அதைத்தான் சொன்னார். "அரசே, நீங்கள் 'தந்தேன்' என்றது வில்லைக் கேட்பதற்கு முன்பு. அது மகனின் உயிருக்குக் கொடுத்த பரிசு, வில்லுக்குக் கொடுத்த விலை அல்ல. அந்துவன் தனக்குச் சொந்தமில்லாத பொருளுக்கு வாக்குக் கொடுத்தான், அது செல்லாது. பூதன் நல்ல மனதோடு செய்தாலும் செய்தது பொய். இந்தப் பெண்ணோ எதையும் தருவதாகச் சொல்லவில்லை, எதையும் மறைக்கவுமில்லை." அரசன் மறுபடி ஆசனத்தில் அமர்ந்தான். பிறகு சரிவை விட்டுக்கொடுத்து, அந்துவனையும் பூதனையும் மன்னித்தான். மூவரும் புறப்படும்போது, "அந்த வில்லை ஒரு முறை தொட்டாவது பார்க்கிறேனே" என்றான். கொற்றி உறையை அவிழ்த்து வில்லை உயர்த்திப் பிடித்தாள். "பார்த்துக்கொள்ளுங்கள். தொட வேண்டாம்."