மலைச் சபையின் தட்டு

நாச்சிமுத்துவுக்கு நாற்காலி கொள்ளவில்லை. உட்காருவதும், எழுந்து வாசல்வரை போய்த் திரும்புவதுமாக இருந்தார். போதகர் தேவவரம் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வேலைக்குப் போகும் நாள்களில் மதியச் சமையல் அவருடையது.

"ஒரே கேள்விதானுங்க ஐயா. மாசக் கடைசியில சங்கம் கூடுது. மலைச் சபையை நீக்கறதுக்கு நீங்க கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?"

போதகர் ஒரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"ஒற்றுமை பெருசா, உபதேசம் பெருசா? அதைச் சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

"இந்த ஞாயிறு மத்தியானம் சும்மாதானே இருப்பீங்க, ஏட்டய்யா? என்கூட மேல வாங்க."

"மேலன்னா?"

"மலைச் சபைக்கு."

நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

அவர் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர். ஐம்பத்தெட்டாம் வயதில் ஆழியாற்றில் இறங்கி, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான தேவவரத்தின் கையால் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர். வேதத்தை எழுத்துக் கூட்டுவது போல வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். அந்த முழுக்குக்கு நாச்சிமுத்து கொடுத்த விலை கொஞ்சமல்ல. அம்மா இறந்தபோது, மதம் மாறியவர் என்று பங்காளிகள் அவரைப் பாடையைத் தொட விடவில்லை. தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

பாப்டிஸ்ட் சபைகளில், விசுவாசித்து, தன் வாயால் அறிக்கை செய்து, தண்ணீரில் முழுகி எழுந்தவர்தான் அங்கத்தினர். ஆனால் மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த அந்தச் சபையின் போதகர் யோபு, கைக்குழந்தையாக இருந்தபோது நெற்றியில் தண்ணீர் தெளிக்கப்பட்டவர்களையும் அப்படியே சேர்த்துக்கொண்டார். திருவிருந்தில் அவர்களுக்கும் அப்பம் கொடுத்தார். வட்டாரத்துப் பாப்டிஸ்ட் சபைகளெல்லாம் சேர்ந்த சங்கம் இதில் இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்துவுக்கு இது வெறும் பேச்சு அல்ல. அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவன் ஆசீர், அவருடைய மருமகன். தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். "எனக்கு ஒரு தடவை ஆயிடுச்சு மாமா. எங்கப்பா அம்மா செஞ்சதைப் பொய்னு சொல்லிட்டு மறுபடி முழுக என்னால முடியாது" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து நாச்சிமுத்து மகள் வீட்டில் கை நனைக்கவில்லை. பூங்கொடி ஒரே மகள். அவரோடு அதே நாளில் அதே ஆற்றில் முழுகியவள்.

ஞாயிறு மதியம் இருவரும் பஸ் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் போதகர் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். அப்படியும் தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார்.

"ஒத்துக்காதுன்னா எதுக்குங்க வரணும்?"

"மாசா மாசம் வர்றேன். இன்னும் பழகல."

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கே போகிறார் என்று நாச்சிமுத்து கேட்டதே இல்லை. யாரோ நோயாளியைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்திருந்தார்.

மலைச் சபை ஒரு தகரக் கொட்டகை. சாரல் தகரத்தில் பொரிவது போல விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் பூங்கொடி இருந்தாள். அப்பாவைக் கண்டதும் எழப் போனவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆசீர் கையெடுத்துக் கும்பிட்டான். நாச்சிமுத்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

திருவிருந்து வேளையில் யோபு தானே அப்பத் தட்டை ஏந்தி வந்தார். நரைத்த தாடி, குளிருக்குப் பழைய ஸ்வெட்டர். தேவவரத்தின் முன் வந்து நின்று தட்டை நீட்டினார்.

"வேண்டாம்ணே" என்றார் தேவவரம், மெதுவாக.

யோபு தலையசைத்தார். தட்டை உடனே எடுத்துவிடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். தேவவரத்தின் கண்கள் கலங்கியிருந்ததை நாச்சிமுத்து கவனித்தார். பிறகு தட்டு நாச்சிமுத்துவின் முன் வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஐயா, பதில் சொல்லிட்டீங்க! அத்தனை பேர் முன்னால சொல்லிட்டீங்க!"

"சாப்பிட்டுட்டுப் போலாம், வாங்க" என்றார் போதகர்.

சாப்பாடு பூங்கொடி வீட்டில். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய தோட்டத்து லைன் வீடு. போதகர் குனிந்து உள்ளே போனார். யோபுவும் போனார். நாச்சிமுத்து போகவில்லை. கூரை இறவாரத்தின் கீழே, சாரல் படாமல் சுவரை ஒட்டி நின்றுகொண்டார்.

உள்ளே கோழிக்குழம்பு மணத்தது. சோற்றில் கை வைத்த சற்று நேரத்தில் சண்டை தொடங்கியது.

"ஆண்டவர் ஏத்துக்கிட்டவனை நான் வாசல்ல நிறுத்தணுமா, தம்பி?" இது யோபு.

"ஏத்துக்கிட்டாருன்னு எனக்கும் தெரியும். அதுக்காகக் கீழ்ப்படியாததுக்குக் கீழ்ப்படிதல்னு பேர் வைக்காதீங்கண்ணே."

"பேர் வைக்கிறது நானா, நீயா?"

"பவுல் என்ன சொல்றாரு?"

"நீ பவுலை எடு, நானும் எடுக்கறேன்!"

"என்னைப் பத்தித்தான் பேசறாங்க. பேசட்டும். நீ குழம்பு ஊத்து" என்று ஆசீர் மனைவியிடம் சொல்வது கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கணமே இரண்டு போதகர்களின் குரல்களும் மறுபடி உயர்ந்தன.

பூங்கொடி டீயோடு வெளியே வந்தாள்.

"உள்ள வாங்கப்பா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அவரும்தான் அப்பம் எடுக்கல. உக்காந்து சாப்பிடறாரே."

"அவர் போதகர்."

"நீங்க அப்பா."

டீயைச் சுவரோரக் கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதில் ஆடை படிந்து, ஆறி, சாரல் விழுந்து வீணாகும்வரை நாச்சிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாதக் கடைசியில் சங்கம் கூடியது. தேவவரம் எழுந்து இரண்டே வாக்கியம் பேசினார். "யோபு அண்ணன் செய்யறது தப்பு. அதுக்காக அவரை நீக்கக் கூடாது." ஒற்றுமைக்காரர்கள் முதல் வாக்கியத்துக்கு முகம் சுளித்தார்கள். மற்றவர்கள் இரண்டாவதற்கு. அவர் உட்கார்ந்தபோது இரண்டு பக்கத்திலும் அவருக்கு ஆள் இல்லை.

நாச்சிமுத்துவுக்கும் ஓட்டு இருந்தது. சபையின் பிரதிநிதியாக வந்திருந்தார். தன் போதகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். காவல்துறையில் பழகிய விறைப்போடு தன் கையைத் தூக்கினார்.

மலைச் சபையை நீக்கும் தீர்மானம் நிறைவேறியது. பின்வரிசையிலிருந்து யோபு எழுந்தார். முன்வரிசைவரை வந்து ஒவ்வொருவருக்கும் விடைபெறும்விதமாகத் தோத்திரம் சொன்னார். நாச்சிமுத்துவிடம் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார்: "பூங்கொடி நல்லாருக்காங்க." பிறகு பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனம் அடங்கிவிடும் என்று நாச்சிமுத்து எண்ணியிருந்தார். உபதேசம் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் ஒரு வேலையும் ஓடவில்லை. கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார். காய்வதற்குள் மேலே இன்னொரு பூச்சு அடித்தார். வேதத்தைத் திறந்தால், எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் யாரோ யார் வீட்டிலோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு ஃபோன் செய்து, மணி அடிப்பதற்குள் துண்டித்தார்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு. மருந்து வாங்கப் போனவர் பஸ் நிலையத்தைக் கடக்கும்போது, மலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் தேவவரத்தைப் பார்த்தார். கையில் எலுமிச்சம்பழம்.

நாச்சிமுத்து ஏறக்குறைய ஓடிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"தள்ளி வெச்ச சபைக்கா போறீங்க, ஐயா?"

"ஆமா."

"சங்கத்துக்குத் தெரிஞ்சா உங்களையும் கேப்பாங்க."

"கேட்கட்டும்."

"இனிமே அப்பம் எடுப்பீங்களா?"

"மாட்டேன். தப்பு தப்புதானே."

"பின்ன அங்க போயி என்னதான் செய்வீங்க?"

"தட்டு வரும். வேண்டாம்னு சொல்வேன்."

நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்கு இத்தனை வளைவு ஏறி, குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்துட்டுப் போகணுங்களா? வேண்டாங்கறதை இங்க இருந்தே சொல்லலாமே!"

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். என்ஜின் உறுமியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கத் தொடங்கியது. தேவவரம் எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"இங்க என்கிட்ட யாரு தட்டை நீட்டறாங்க, ஏட்டய்யா?"

பஸ் நகர்ந்தது. நாச்சிமுத்து கம்பியை விடவில்லை. பஸ்ஸோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தார்.