முறிந்த போணி

காதை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். கைவேலையை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை, வேலை செய்துகொண்டே கேட்கலாம். ராஜாக்கள் ஆண்ட காலம் அது. எந்த ராஜா என்று கேட்காதீர்கள், அவர் இந்தக் கதைக்குள் தலைகாட்டப் போவதே இல்லை. எனக்கு ஓர் எண்ணெய்க் கடைக்காரன் போதும்.

ஆற்றங்கரையில் பாக்குறிச்சி என்று ஓர் ஊர். ஊருக்கு ஒரே கடைத்தெரு. தெருவில் பன்னிரண்டு கடை. உப்புக் கடை, பானைக் கடை, கருப்பட்டிக் கடை, கயிற்றுக் கடை என்று வரிசையாக வந்து, கடைசியில் உலகப்பச் செட்டியின் எண்ணெய்க் கடை.

உலகப்பன் கெட்டவன் இல்லை. எண்ணெயில் கலப்படம் செய்ய மாட்டான், அளவில் குறைக்க மாட்டான். ஆனால் பக்கத்துக் கடையில் நாலு பேர் நின்றால் போதும், அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. என்ன செய்வது, சில வயிறுகள் அப்படி.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் கடை திறந்ததும் ஒவ்வொருவரும் வாசலில் ஒரு முறத்தைச் சாய்த்து வைப்பார்கள். முதல் போணி ஆனதும் முறத்தை உள்ளே எடுத்துவிடுவார்கள். போணி ஆன கடைக்காரர் அடுத்து வருகிற ஆளுக்கு உடனே சரக்கைக் கொடுக்க மாட்டார். "அதோ, அந்தக் கடையில முறம் இன்னும் வெளியில இருக்கு பாருங்க. அங்க ஏதாவது வாங்கிட்டு அப்புறம் எங்கிட்ட வாங்க" என்பார். பன்னிரண்டு முறமும் உள்ளே போன பிறகுதான் அவரவர் வியாபாரம் அவரவருக்கு.

போணி என்றால் சும்மாவா? வாங்குகிறவர் விலை பேசக் கூடாது. தும்மக் கூடாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. மூன்றில் ஒன்று நடந்தாலும் போணி முறிந்துபோகும், அன்று பூராவும் முறம் வெளியிலேயே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மூன்று நாள் தொடர்ந்து ஒரு கடையில் போணி முறிந்தால், நாலாம் நாள் மற்ற பதினொரு கடையும் அடைப்பு. பதினொரு பேரும் நாலா பக்கமும் போய், கைராசியான ஆளாகப் பார்த்துக் கூட்டிவந்து, அந்தக் கடையில் போணி செய்ய வைக்க வேண்டும். அப்படி நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உலகப்பனுக்கு அது மறந்தே போயிருந்தது.

அந்த மாதம் ஊரே ஒரு மனிதருக்காகக் காத்திருந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவே ராஜா புதுப்பாதை போட்டிருந்தார். பொதிமாட்டுக் கூட்டங்கள் இளைப்பாறித் தங்குவதற்கு ஒரு தாவளம் வேண்டும். பாக்குறிச்சியா, பக்கத்துக் கரிசலூரா என்று பார்த்து முடிவு சொல்ல ஓர் அதிகாரி வரப்போகிறார். என்றைக்கு வருவார் என்பது யாருக்கும் தெரியாது. தாவளம் வந்தால் தெரு பிழைக்கும். கரிசலூருக்குப் போனால் பாதையும் அந்தப் பக்கமே போய்விடும், பன்னிரண்டு கடைக்காரரும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில் உலகப்பனுக்குப் போணி ஆனது. கையெல்லாம் எண்ணெய், முறத்தை உள்ளே எடுக்க மறந்துவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக மறதிதான். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி வந்து, "உப்புக்கார அம்மா இங்க வாங்கச் சொன்னாங்க" என்று ஓர் உழக்கு எண்ணெய் வாங்கினாள். அவள் போனதும் ஒரு கிழவர் வந்தார். கிழவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். எல்லோரையும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களே அனுப்பியிருந்தார்கள்.

உலகப்பன் முறத்தைப் பார்த்தான். எடுக்கக் கை நீண்டது. அப்புறம் கை தானாகத் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கையை என்னவென்று சொல்ல!

மதியத்தில் உப்புக் கடை மூக்காயி எட்டிப் பார்த்தாள். வாய் நீளமானவள், மனசும் அதற்குச் சமமாக நீளம். "என்ன செட்டியாரே, முறம் இன்னும் வெளியில கெடக்கு?"

"வந்தவன் விலை பேசிட்டான் மூக்காயி. போணி முறிஞ்சு போச்சு."

"அட பாவமே!" என்று அவள் உச்சுக் கொட்டிவிட்டுப் போய், அன்று பூராவும் தன் கடைக்கு வந்த அத்தனை பேரையும் எண்ணெய்க் கடைக்கே விரட்டினாள்.

இரண்டாம் நாள். போணி நன்றாகவே ஆனது. முறம் மட்டும் வெளியே நின்றது. பானைக் கடை மாணிக்க வேளார் கால் தாங்கலாக நடப்பவர். நொண்டிக்கொண்டே வந்து கேட்டார். "தும்மிட்டான் வேளாரே" என்றான் உலகப்பன். வேளார் பெருமூச்சு விட்டார். அவரும் தன் கடைக்கு வந்தவர்களை இங்கே திருப்பிவிட்டார்.

மூன்றாம் நாள். எண்ணெய்க் கடையில் திருவிழாக் கூட்டம். கேட்டவர்களுக்கெல்லாம் உலகப்பன், "எண்ணெயில ஈ கெடக்குன்னு திருப்பிக் கொடுத்துட்டான்" என்றான். அந்த எண்ணெயில் ஈயாவது எறும்பாவது! அன்று சாயங்காலம் அவன் குடங்களில் பாதி காலி. பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

நாலாம் நாள் விடிந்தது. உலகப்பன் வந்து கடையைத் திறந்தான், முறத்தைச் சாய்த்து வைத்தான், நிமிர்ந்து பார்த்தான். பதினொரு கடையும் பலகை போட்டு அடைத்துக் கிடந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அவன் கடை நிலைப்படியில் மட்டும் புதிதாக ஒரு கைப்பிடி உப்பும் மிளகாயும் சின்னத் துணியில் முடிந்து தொங்கியது. அது மூக்காயியின் வேலை. அவனுக்குக் கண்ணேறு பட்டிருக்கிறது என்று கழித்துக் கட்டியிருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பழைய வழக்கம் அவன் நினைவுக்கு வந்தது. 'ஐயையோ, எனக்காகவா கடையடைப்பு!' ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்றால், யார் எந்தப் பக்கம் போனார்களோ? கூப்பிட்டுத்தான் என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் குதிரைச் சத்தம் கேட்டது. வந்தவர் தலைப்பாகையிலேயே தெரிந்தது, அவர்தான் தாவளத்து அதிகாரி. வேறு நாளே கிடைக்கவில்லையா அந்த மனுஷருக்கு!

குதிரையை விட்டு இறங்கி அவர் இடமும் வலமும் பார்த்தார். "இது கடைத்தெருவா, சுடுகாடா? எங்கே எல்லோரும்?"

உலகப்பன் வாயில் வந்ததைச் சொன்னான். "ப... பக்கத்து ஊர்ல கோயில் கொடைங்க சாமி. சாமி கும்பிடப் போயிருக்காங்க."

"எந்த ஊரில் கொடை? வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். மேளச் சத்தமே இல்லையே?"

உலகப்பன் தலையைச் சொறிந்தான். அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். குரல் கொஞ்சம் இளகியது. "போகட்டும். பதினொரு பேர் பொறுப்பில்லாமல் கடையை அடைத்துவிட்டு ஊர் சுற்றும்போது நீர் ஒருத்தர் ஒழுங்காகத் தொழில் பார்க்கிறீர். தாவளம் கரிசலூருக்குத்தான், அதில் இனிப் பேச்சில்லை. ஆனால் நீர் அங்கே வந்துவிடும். பாதையில் போகிற அத்தனை பொதிமாட்டுக்காரருக்கும் எண்ணெய் உம் கடையில்தான். என்ன சொல்கிறீர்?"

கேட்டீர்களா? அவன் வாழ்நாளெல்லாம் ஏங்கியது தாம்பாளத்தில் வைத்து நீட்டப்படுகிறது. பக்கத்தில் கடையே இல்லாத ஒரு கடை! உலகப்பனுக்குச் 'சரி சாமி' என்று சொல்ல வாய் வந்துவிட்டது.

வாய் வந்தது, சொல் வரவில்லை. வேளாரின் கால்தான் அவன் கண்முன்னால் வந்தது. அந்தத் தாங்கல் காலை இழுத்துக்கொண்டு, இந்த வெயிலில், எந்தக் காட்டு வழியில் எவன் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாரோ அந்த மனுஷன்! எதற்காக? ஒரு தும்மலுக்காக. அதுவும் யாருமே தும்மாத தும்மல்.

அவன் பேசாமல் நிற்பதைப் பார்த்து அதிகாரி சலித்துப்போய்க் குதிரையில் ஏறிவிட்டார். "கடைசியாகக் கேட்கிறேன். வருகிறீரா, இல்லையா?"

உலகப்பன் பாய்ந்துபோய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

"சாமி, போயிராதீங்க! கொடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்க எனக்கு ஆள் தேடப் போயிருக்காங்க." முறத்தில் தொடங்கி, மூன்று நாள் சொன்ன மூன்று பொய்யையும் ஒன்றுவிடாமல் கொட்டினான். "பொறுப்பில்லாதவன் நான்தான் சாமி. என்னை என்ன வேணாலும் செய்யுங்க. எங்க தெருவை மட்டும் கைவிட்டுராதீங்க."

அதிகாரியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குதிரையை விட்டு இறங்கினார். எண்ணெய்க் கடை நிழலில் உட்கார்ந்தார். "அவர்கள் வரட்டும், பார்க்கலாம்" என்றார்.

வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கருப்பட்டிக் கடைக்காரர் ஒரு மாப்பிள்ளையையும் பெண்ணையும் மாலை வாடாமல் கூட்டி வந்தார். கயிற்றுக் கடைக்காரர் ஏழு பிள்ளை பெற்ற ஒரு தம்பதியோடு வந்தார், பிள்ளைகளும் கூடவே. மூக்காயி பிடித்து வந்தது அன்றைக்குத்தான் மொட்டை போட்ட ஒரு யாத்திரிகரை. "எண்ணெய் வாங்கி நான் எங்கம்மா தேய்க்க?" என்று அவர் வழியெல்லாம் கேட்டாராம், "காலுக்குத் தேய்ச்சுக்கய்யா, வா பேசாம" என்று இழுத்து வந்திருந்தாள். எல்லோருக்கும் கடைசியாக வேளார், கால் வீங்கிப்போய், ஒரு மாட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கடை வாசலில் தலைப்பாகைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அத்தனை முகமும் மலர்ந்தது. போணி செய்ய வந்த ஆள் என்றே எண்ணிவிட்டார்கள், அவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூக்காயி அங்கிருந்தே கத்தினாள்: "செட்டியாரே! போணி ஆயிருச்சா?"

அடித்திருந்தால்கூட உலகப்பன் தாங்கியிருப்பான். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. தெரு நடுவில் இறங்கி, கையைக் கூப்பிக்கொண்டு நின்றான்.

"ஆச்சு மூக்காயி. இன்னைக்கு இல்ல. மூணு நாளும் ஆச்சு. ஒருத்தரும் விலை பேசல, ஒருத்தரும் தும்மல, ஈயும் விழல. உங்க ஆளுங்களையும் நானே இழுத்துக்கலாம்னு முறத்தை வெளியிலயே வெச்சேன். பொய் சொன்னேன்."

உலகப்பன் கண்ணை மூடிக்கொண்டான். 'இதோடு தெருவை விட்டுத் துரத்துவார்கள்' என்று நினைத்தான்.

முதலில் கேட்டது வேளாரின் குரல்.

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்தார் அவர். "அப்போ மூணு நாளும் போணி ஆயிருக்கு. உனக்குக் கெட்ட காலம் ஒண்ணும் இல்லையே? நான் பயந்தே போயிட்டேன்யா."

"நானும்தான்!" என்றார் கருப்பட்டிக் கடைக்காரர். "குலதெய்வத்துக்குக் காசு முடிஞ்சு வெச்சேன்." பதினொரு பேரும் பாரம் இறக்கிய மாடுகள் மாதிரி மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு முடிந்த பிறகுதான் அவர்களுக்குக் கோபம் என்று ஒன்று நினைவுக்கு வந்தது. வந்ததும் வந்தது, ஆளுக்கு ஒரு பக்கமாய்ப் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள்! மூக்காயி ஏசிய ஏச்சில் அதிகாரியின் குதிரையே இரண்டடி பின்னால் போனது. உலகப்பன் அவ்வளவையும் நின்று வாங்கிக்கொண்டான், அழுதுகொண்டே, கொஞ்சம் சிரித்துக்கொண்டே. நாலு நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவனுக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

அதிகாரி எழுந்து தாம் யார் என்பதைச் சொன்னார். ஏச்சு சட்டென்று நின்றது. பதினொரு பேரும் அடைத்த கடைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தார்கள்.

"பயப்படாதீர்கள்" என்றார் அவர். "தண்ணீரும் நிழலும் கரிசலூரிலும் இருக்கிறது. ஊர்பேர் தெரியாத வழிப்போக்கன் மூட்டையைப் போட்டுவிட்டுத் தூங்க ஓர் இடம் வேண்டும், நான் தேடி வந்தது அதை. ஒருத்தனுக்குப் போணி ஆகவில்லை என்று தெருவையே அடைக்கிறீர்கள். ஒருத்தன் தானே போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கிறான். தாவளம் இங்கேதான். ஆனால் இந்தச் செட்டியாருக்கு என்ன தண்டனை? அதை நீங்கள் சொல்லுங்கள்."

எல்லோரும் மூக்காயியைப் பார்த்தார்கள்.

"தண்டனையா? நான் இன்னும் ஏசி முடிக்கலையே சாமி!" என்றாள் அவள். "அதுக்கே ஒரு மாசம் ஆகும். இவரைத் தெருவை விட்டு அனுப்பிட்டா நான் அந்தப் பாக்கி ஏச்சை யார்கிட்ட போய் ஏசுறது?"

அதிகாரி முதன்முறையாகச் சிரித்தார். தெரு மொத்தமும் சிரித்தது. உலகப்பன் மட்டும் சிரிக்காமல் உள்ளே ஓடினான், இருப்பதிலேயே நல்ல எண்ணெயாக ஒரு கிண்ணம் எடுத்து வந்தான், தரையில் உட்கார்ந்து வேளாரின் வீங்கிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். "மெதுவாய்யா, வலிக்குது" என்றார் வேளார்.

அக்கம்பக்கத்தார் நம்மேல் வைத்திருக்கும் இரக்கத்தை ஏமாற்றிப் பறிப்பது களவு, அதைச் செய்துவிட்டவன் அவர்கள் முகத்தைப் பார்த்து உண்மையை ஒப்புக்கொள்ளும் வரை அவனுக்கு நிம்மதி இல்லை.