ஒரு குப்பி மருந்து, மூன்று கண்குழிகள்

நான்காவது அறுவை சிகிச்சையை முடித்துக் கையுறையைக் கழற்றியபோது டாக்டர் பொற்கொடிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. உட்கார நேரமில்லை. குளிர்பெட்டியில் இருப்பது ஒரே ஒரு குப்பி. அதைக் கேட்டு மூன்று பேர் காத்திருந்தார்கள்.

கண்ணை எடுத்த குழிக்குள் நுண்துளைகள் நிறைந்த சிறு பந்தை வைப்பார்கள். துளைகளுக்குள் ரத்தக்குழாய்கள் வளர்ந்து பின்னிக்கொண்டால்தான் பந்து நிலைக்கும். நல்ல குழியில் ஆறு மாதத்தில் தானே பின்னிக்கொள்ளும். இந்த மருந்தில் நனைத்து வைத்தால் வளர்ச்சி வேகம் பிடிக்கும். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. பக்கத்தில் எந்த உயிரணு இருந்தாலும் வளரச் சொல்லும். ஒரு குப்பி ஒருவருக்குத்தான் போதும்.

"தையில கல்யாணம் மேடம்" என்றாள் தமயந்தி. சின்ன வயதில் அடிபட்டுச் சூம்பிய கண் அவளுக்கு; அதை எடுத்துவிட்டுப் பந்து வைக்கவேண்டும். குழியில் தழும்பில்லை. தைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அடுத்தவர் கல்குவாரித் தொழிலாளி சேர்மக்கனி. வைத்த பந்து இரண்டு முறை பிதுங்கி வெளியே வந்துவிட்டது. குழி முழுக்கத் தழும்பு, ரத்த ஓட்டமோ சொற்பம். இன்னொரு முறை தவறினால் பந்தைத் தாங்கச் சதை மிஞ்சாது.

மூன்றாவது, நான்கு வயது இதழினி. புற்றுக்கட்டிக்காக அவள் கண்ணை எடுக்கப்போகிறார்கள். கட்டி கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பையும் தொட்டிருக்கலாம் என்றது ஸ்கேன்.

குழந்தையைப் பார்த்ததும் சேர்மக்கனி, "எனக்கென்னம்மா, பாதி ஆயுசு போயாச்சு. பிள்ளைக்கே குடுத்துருங்க" என்றார். தமயந்தியும் தலையாட்டினாள். குழந்தையின் தாய் அமுதவல்லி இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். வார்டே மனமிளகி நின்றது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டர் போய் உட்காரலாம். அந்த அலுப்பில் வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

ஆனால் அவர் சொல்லவில்லை. அப்படியானால் அந்தக் குப்பி யாருக்குப் போகவேண்டும்?

விடை: சேர்மக்கனிக்கு. தமயந்தியின் பந்து தைக்குள் தானே பின்னிக்கொள்ளும். இதழினியின் குழியில் ஒரே ஒரு புற்றணு தப்பி நின்றாலும் மருந்து அதையும் வளர்த்துவிடும். இதை டாக்டர் மூன்று முறை விளக்கவேண்டியிருந்தது. மூன்றாம் முறை புரிந்ததும் அமுதவல்லி, "எம் பிள்ளைக்கு வெஷத்தையா கெஞ்சிக் கேட்டேன்?" என்று தரையில் சரிந்து அழுதாள். பொற்கொடி அப்போதுதான் உட்கார்ந்தார், அவள் பக்கத்தில்.