பியூகிளின் பயம்

ஒரு காலாட்படை முகாமில் ஒரு பியூகிள் இருந்தது. பித்தளையில் செய்த சிறிய ஊதுகுழல். விரலால் மூடித் திறக்க அதற்குத் துளை கிடையாது, அமுக்கக் கட்டையும் கிடையாது. ஊதுகிறவனின் உதடும் மூச்சும் எப்படியோ அப்படித்தான் அதன் குரலும். காலையில் முகாமை எழுப்புவதும், மாலையில் கொடி இறங்கும்போது பாடுவதும் அதன் வேலை.

அதை ஊதியவன் ஞானசிகாமணி என்ற சிப்பாய். நாகர்கோவில் பக்கத்துக்காரன். அவனும் முள்ளிப்பொத்தை என்ற ஊரிலிருந்து வந்த பலவேசமும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பலவேசம் குளிர் தாங்கமாட்டான். விடியற்காலையில் பியூகிள் பாடியதும் போர்வைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். "ஏலே மணி, அந்த வாயை மூடச் சொல்லுலே!" பியூகிளுக்கு அந்த வசவு பழகிப்போயிருந்தது. சில நாள் அது வராவிட்டால், இன்று சரியாகப் பாடவில்லையோ என்று நினைத்துக்கொள்ளும்.

ஒருநாள் மலையில் ரோந்து போன இடத்தில் கண்ணிவெடி வெடித்தது. முன்னால் நடந்த பலவேசம் அங்கேயே இறந்துபோனான். அவனைச் சுமந்துகொண்டு மலையிறங்கியவர்களில் ஞானசிகாமணியும் ஒருவன்.

அன்று மாலை பியூகிளை வாயில் வைத்தபோதே அதற்குத் தெரிந்துவிட்டது. உதடு காய்ந்திருந்தது. மூச்சு நேராக வராமல், கல்லில் தட்டி வரும் தண்ணீர்போல விட்டுவிட்டு வந்தது. மேல் சுரத்தில் குரல் பிசிறியது. முகாமில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பியூகிள்தான் வெலவெலத்துப்போயிற்று.

பலவேசத்தின் ஊருக்குப் போகும் குழுவில் ஞானசிகாமணியின் பெயரும் இருந்தது. குழியருகில் நின்று கடைசி இசையை ஊத வேண்டும். சுபேதார் கதிரேசன் அவனைக் கூப்பிட்டு, "முடியுமாப்பா? முடியாதுன்னா சொல்லு, வேற ஆளைப் பாக்கேன்" என்று கேட்டார்.

"நான்தான் ஊதணும் சார்" என்றான் அவன்.

பியூகிள் உள்ளுக்குள் பதறியது. முடியாது என்று சொல்லேன்! உன் உதடு எப்படி நடுங்குகிறது என்று எனக்கல்லவா தெரியும்! ஆனால் மூச்சு இல்லாதபோது அதன் பேச்சு மனிதர் காதில் விழாது.

விமான நிலையத்திலிருந்து முள்ளிப்பொத்தைக்குப் படை வண்டியில் போனார்கள். நடுவில் பலவேசம் இருந்த பெட்டி. பெட்டியின் மேல் கொடி. இரண்டு பக்கமும் வீரர்கள், அவர்களுடைய முழங்காலுக்கு இடையில் துப்பாக்கிகள். ஞானசிகாமணியின் மடியில் பியூகிள். மனிதர்கள் பேசவில்லை. பொருள்கள் பேசிக்கொண்டு வந்தன.

"நாங்கள் மூன்று முறை வெடிக்க வேண்டும்" என்றன துப்பாக்கிகள். "எல்லாரும் ஒன்றாக. ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் அவமானம். மலையில்கூட இப்படிப் பயந்ததில்லை."

"நீங்களாவது வேலை முடிந்ததும் திரும்பிப் போகலாம்" என்றது கொடி. "என்னை மடித்து அந்த வீட்டில் கொடுத்துவிடுவார்கள். கம்பத்தில் பறக்கத்தான் எனக்குத் தெரியும். பிள்ளையை அனுப்பிவிட்டு நிற்கிறவர்களின் கைக்குள் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை."

"என் குரல் உடைந்துவிடும்" என்று பியூகிள் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. "ஊர் முழுக்க நிற்கும். அவனைப் பெற்றவர் நிற்பார். எல்லாருக்கும் முன்னால் நான் உடைந்துவிடுவேன். அவனுக்குச் செய்யும் கடைசி மரியாதை என்னால் கெட்டுப்போகும்."

பெட்டி மட்டும் வாய் திறக்காமல் வந்தது. வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது பியூகிள் மெதுவாகக் கேட்டது:

"உனக்குப் பயமாக இல்லையா?"

"இருக்கிறது" என்றது பெட்டி. "நீங்கள் எல்லாரும் உங்களைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். நானோ, என்னைத் திறக்கச் சொல்வார்களே என்று பயப்படுகிறேன். இவன் மிகவும் இலேசாக இருக்கிறான்."

வண்டி ஊருக்குள் நுழைந்தது.

முள்ளிப்பொத்தையில் தெருக்கொள்ளாத கூட்டம். கம்பத்துக்குக் கம்பம் பலவேசத்தின் படம். ஒலிபெருக்கியில் யாரோ "வீர வணக்கம்!" என்று கத்த, கூட்டம் திருப்பிக் கத்தியது. பேசிப் பேசி அந்த ஒலிபெருக்கிக்கே தொண்டை கட்டியிருந்தது. இந்த இரைச்சலுக்குள் என் குரல் எங்கே எடுபடும் என்று பியூகிளுக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது.

பெட்டியை வீட்டு முற்றத்தில் இறக்கினார்கள். பலவேசத்துக்குத் தாய் இல்லை. தகப்பன் வெயிலுமுத்துவும் தங்கை பேச்சித்தாயும்தான். வெயிலுமுத்து கல்குவாரியில் வெடி வைக்கும் வேலை பார்த்து, அந்த வெடியிலேயே இரண்டு காதையும் பறிகொடுத்தவர். உலகத்தில் அவருக்கு என்ன தெரிய வேண்டுமென்றாலும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அவர் வந்தார். பெட்டியின் மேல் கையை வைத்தார். அழவில்லை.

"தொறங்க" என்றார். காது கேளாதவர் ஆனதால் குரல் ஓங்கி வந்தது. "எம்புள்ள மூஞ்சியப் பாக்கணும்."

சுபேதார் கதிரேசன் இரண்டு கையையும் கூப்பினார். "அய்யா, தொறக்கக்கூடாதுங்கய்யா. மன்னிச்சிருங்க."

வெயிலுமுத்து அவருடைய வாயைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பேச்சித்தாய் கையை அசைத்து, திறக்கமாட்டார்கள் என்று காட்டினாள். காட்டிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அப்போ இதுக்குள்ள அவந்தான் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் வெயிலுமுத்து. "நேத்துலேருந்து வந்தவன் போனவன் எல்லாம் வாய வாய அசைக்கான். ஒருத்தன் மாலை போடுதான். ஒருத்தன் என்னையப் படம் புடிக்கான். இப்போ ஒரு பெட்டிய வச்சுக்கிட்டு இதான் ஒம்புள்ளைங்கீக. நான் எதைப் பாத்து நம்ப?"

பெட்டியின் பலகைகள் அவருடைய கைக்குக் கீழே இறுகிக்கொண்டன. பியூகிளுக்கு அது தெரிந்தது.

ஊர்வலம் கிளம்பியது. வெயிலுமுத்துவின் தோட்டத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். வழி நெடுக அவர் பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடியே நடந்தார். குழியருகில் பெட்டியை வைத்த பிறகும் விடவில்லை. வந்திருந்த பெரிய மனிதர்கள் மலர்வளையம் வைத்துக் கும்பிட்டார்கள். அவர் அவர்களுடைய காலை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து வெடித்தன. ஒன்றுபோல, பிசகில்லாமல், மூன்று முறை. பனையிலிருந்த பறவைகள் கலைந்தன. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டம் சிலிர்த்தது. வெயிலுமுத்து தலையைக்கூடத் திருப்பவில்லை. கொஞ்சம் புகை போவதைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"எங்களை அவர் கவனிக்கவே இல்லையே" என்று துப்பாக்கிகள் முணுமுணுத்தன. "இதைவிட நன்றாக நாங்கள் வெடித்ததே இல்லை."

அடுத்தது பியூகிள்.

ஞானசிகாமணி முன்னால் வந்து நின்றான். ஒலிபெருக்கி நின்றது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. பியூகிளுக்கு அந்த இரைச்சலே தேவலை என்று இருந்தது. உதடு வந்து பட்டது. நடுங்கியது. பியூகிள் தன் பித்தளை உடம்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு விறைப்பாக வைத்துக்கொண்டது. நான் உறுதியாக இருந்தால் உடையாது, நான் உறுதியாக இருந்தால் உடையாது.

முதல் சுரம் வந்தது. அடுத்தது வந்தது. மேலே ஏறும் இடத்தில் மூச்சு தட்டி நின்றது. பியூகிள் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு அடங்கிப்போயிற்று.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ "ச்சு" கொட்டினார்கள். தூக்கிப் பிடித்திருந்த கைபேசிகள் சில கீழே இறங்கின. ஞானசிகாமணி மறுபடி உதட்டைப் பொருத்தி மிச்சத்தை எப்படியோ ஊதி முடித்தான். பியூகிளுக்கு அந்தக் குழிக்குள்ளேயே விழுந்துவிடலாம்போல இருந்தது. எது நடக்கக்கூடாது என்று வழியெல்லாம் பயந்ததோ அது நடந்துவிட்டது.

ஆனால் அதைவிடப் பெரிய சங்கடம் இனிமேல்தான் வந்தது. கொடியை எடுத்து மடிக்க வீரர்கள் குனிந்தார்கள். வெயிலுமுத்து கொடியையும் பெட்டியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பெட்டிய இறக்க விடமாட்டேன். எம்புள்ள எங்கேயோ உசுரோட இருக்கான். ஆள் தெரியாம எவனையோ கொண்டாந்து எந்தோட்டத்துல பொதைக்கீக!"

"யப்பா, விடுங்கப்பா" என்று பேச்சித்தாய் அவருடைய தோளைப் பிடித்தாள். அவர் உதறினார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வந்திருந்த அதிகாரி ஒருவர் சுபேதாரின் பக்கம் சாய்ந்து, "நாலு பேர் புடிச்சு நகத்துங்க. எவ்வளவு நேரம் இப்படியே நிக்கிறது?" என்றார். இரண்டு போலீஸ்காரர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். சுபேதார் கதிரேசன் கையை நீட்டித் தடுத்தார். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

"என்னைக் கசக்குகிறார்" என்றது கொடி. "கசக்கட்டும். ஆனால் இவர் நடுங்குகிறார். இவரை என்ன செய்வது?"

அப்போது வெயிலுமுத்து தலையை நிமிர்த்தினார். எதிரே ஞானசிகாமணி விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். அவனுடைய கன்னம் முழுக்க நனைந்திருந்தது. துடைக்கவும் இல்லை, அசையவும் இல்லை. அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான் வாயை அசைக்காமல் நின்றான். வெயிலுமுத்து அவனையே பார்த்தார். அவன் கையிலிருந்த பியூகிளைப் பார்த்தார்.

"யய்யா, நீ அதுல என்னமோ ஊதினியே" என்றார். "எனக்குக் கேக்காது. இங்கன கொண்டா."

ஞானசிகாமணி சுபேதாரைப் பார்த்தான். இப்படி ஒரு வழக்கம் படையின் எந்த மரியாதையிலும் இல்லை. சுபேதார் ஒரு கணம் யோசித்தார். பிறகு தலையசைத்தார்.

அவன் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டான். வெயிலுமுத்து ஒரு கையைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், மறு கையை நீட்டிப் பியூகிளின் அகன்ற வாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். கல் உடைத்துக் காய்த்துப்போன கை.

"ஊது" என்றார்.

பியூகிள் திகைத்தது. வாயைப் பொத்தினால் நான் எப்படிப் பாடுவது? தொண்டை அடைத்தவன்போலத்தானே சத்தம் வரும்? ஒரு முறை உடைந்தது போதாதா? மறுபடியும் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு உடைய வேண்டுமா?

"இன்னும் ஊரைப் பற்றியே நினைக்கிறாய்" என்றது பெட்டி. "உன்னைத் தொட்டுக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார். என்னால் திறக்க முடியாது. நீ திற."

மூச்சு உள்ளே வந்தது. இந்த முறை பியூகிள் தன்னை விறைத்துக்கொள்ளவில்லை. வந்ததை வந்தபடி விட்டது. அந்த மூச்சுக்குள் என்னவெல்லாமோ இருந்தது. பக்கத்துக் கட்டிலும், போர்வைக்குள்ளிருந்து வந்த வசவும், மலையிறங்கும்போது தோளில் அழுத்திய சுமையும் எல்லாம் ஒன்றாக வந்தன. ஞானசிகாமணியின் நெஞ்சிலிருந்த நடுக்கம் பித்தளைக்குள் இறங்கி, பித்தளையிலிருந்து அந்தக் காய்த்துப்போன உள்ளங்கைக்குள் ஏறியது. வெளியே இருந்தவர்களுக்கு ஏதோ அமுங்கிய முனகல்தான் கேட்டது. கைபேசியில் பிடித்தவர்களுக்கு அதுகூடப் பதியவில்லை.

வெயிலுமுத்துவின் விரல்கள் பித்தளையின் விளிம்பைச் சுற்றி மெதுவாக மடங்கின. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை நாளும் கண்ணால் மட்டுமே உலகத்தைக் கேட்டவர் அவர்.

மூச்சு தீர்ந்தது. சத்தம் நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. பியூகிள் நடுங்கியதா, அதைப் பிடித்திருந்தவன் நடுங்கினானா, அவர் நடுங்கினாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஒனக்கு அவனத் தெரியும்" என்றார் வெயிலுமுத்து.

ஞானசிகாமணி தலையை ஆட்டினான்.

"நீதான் தூக்கிட்டு வந்தியா?"

அவன் மறுபடி தலையை ஆட்டினான்.

வெயிலுமுத்து அவனுடைய ஈரமான கன்னத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டார். அவருடைய வாய் கோணியது. தோள் குலுங்கியது. பேச்சித்தாய் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் அழுதார்கள். யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. துப்பாக்கிகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு அவர் கொடியை விட்டார். சுபேதார் அதை மடித்து அவருடைய இரண்டு கையிலும் வைத்தபோது நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கயிற்றைப் பிடித்து நின்ற வீரர்களைப் பார்த்து, அவருக்கே கேட்காத குரலில் சொன்னார்:

"பாத்து இறக்குங்கய்யா. எம்புள்ள."