புது பெயிண்டுக்கு அடியில

இல்லைங்க அதிகாரி சார். எங்க அண்ணன் அருள்தாஸ் வித்தை காட்டப் போய் விமானத்தை உடைச்சுட்டான்னு நீங்க சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். அவனோட இரங்கல் கூட்டத்துலயே மைக்கைப் பிடிச்சுச் சொன்னீங்க. முன்வரிசையில உக்காந்திருந்த எங்கம்மா என் பக்கம் திரும்பி, "நெசமாடி பிலோ?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு.

உங்க படையோட விழாவுல அண்ணன் போர் விமானம் ஓட்டினான். மேல ஏறித் திரும்பறப்போ ஒரு பக்க இறக்கை அடியோட பிஞ்சுது. விமானம் உப்பளத்துல விழுந்துச்சு. அவ்வளவுதான் அன்னிக்கு எனக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு மறுநாள் காலேஜ் லேபுக்குப் போனேன். விமானப் படிப்புல எங்களுக்கு உலோகப் பாடம் எடுக்கிறது வாசுகி மேடம். கேள்வி கேட்டா நேரா பதில் சொல்ற பழக்கமே அவங்களுக்குக் கிடையாது.

"மேடம், ஓட்டுறவன் கண்ட்ரோலைப் பிடிச்சு இழுக்கிற இழுப்புல இறக்கை உடையுமா?"

"இந்தா, நீயே உடைச்சுப் பாரு"ன்னு ஒரு அலுமினியப் பட்டையைக் குடுத்தாங்க.

இருந்த கோபத்துக்கு முட்டியில வச்சு அமுக்கினேன். வளைஞ்சுது. உடையல.

"காலையில சாப்பிட்டியா?"

"கிண்டல் பண்ணாதீங்க மேடம்."

உள்ள போய் இன்னொண்ணு எடுத்துட்டு வந்தாங்க. அதே நீளம், அதே கனம். ஆனா நீல பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்துச்சு.

"இது?"

வாங்கி லேசா வளைச்சேன். பிஸ்கட் மாதிரி படக்குன்னு ரெண்டாச்சு.

"நல்ல பட்டையை உடைச்சுட்டியே."

"நான் என்ன பண்ணேன்? சும்மாதான் வளைச்சேன்."

"உடைச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. அவங்க லென்ஸை நீட்டினாங்க. "சண்டை அப்புறம் போடலாம். உடைஞ்ச இடத்தைப் பாரு."

பாத்தேன். முக்கால்வாசி மங்கலா, வழவழன்னு கிடந்துச்சு. அதுல வளைவு வளைவா கோடு. குளத்துத் தண்ணி வத்த வத்தக் கரையில தடம் விட்டுட்டுப் போகுமே, அந்த மாதிரி. ஓரத்துல மட்டும் சொரசொரன்னு, புதுசா மினுங்குச்சு. வெளிச்சத்துல இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்துட்டே இருந்தேன். சண்டை போட வந்ததுகூட மறந்துபோச்சு.

"இதுல நீ உடைச்சது எது?"

"இந்த மினுங்குற இடம். நகக்கண் அளவுதான் இருக்கு."

"மிச்சம்?"

"அது முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டுட்டே வந்திருக்கு. திரும்பத் திரும்ப ஆட்டி வளைக்கிற மிஷின்ல போட்டு வச்சிருந்தீங்களா?"

"ரொம்ப நாளா."

"வெளிய ஒரு கீறல்கூடத் தெரியலையே மேடம்."

"அதான் நேத்து பெயிண்ட் அடிச்சிட்டேனே."

"அது எப்படி? பழைய பெயிண்டைச் சுரண்டி, விரிசல் இருக்கான்னு பாத்துட்டுத்தானே புதுசு அடிக்கணும்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"பாத்தா நேரமாகும். கூட்டத்துல உன் மூஞ்சியைப் பாத்தேன், காலையில வந்து நிப்பேன்னு தெரிஞ்சுது. ஆளு வர்ற நேரத்துல பாக்க அழகா இருக்க வேண்டாமா?"

உடைஞ்ச ரெண்டு துண்டையும் மேஜை மேல வச்சேன். அப்புறம் கேட்டேன்.

"அப்போ அண்ணனோட விமானமும் இப்படித்தானா?"

"அந்த இறக்கையை நான் பாக்கல. பாக்காததைப் பத்திப் பேச மாட்டேன். நீயும் பேசாதே, பிலோ. கேளு."

அதான் கேக்கறேன். அதே மேடையில நீங்கதான் சொன்னீங்க, "விழாவுக்குன்னு புது பெயிண்ட் அடிச்சு, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வச்சிருந்த விமானம்"னு. விழாப் பொறுப்பும் உங்ககிட்டதான் இருந்துச்சு. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி இறக்கை சேர்ற மூட்டைச் சுரண்டிப் பாத்தீங்களா, இல்லையா? உடைஞ்ச இடத்துல கோடு இருக்கா, இல்லையா? வீட்டுக்கு வந்து காதோட சொல்ல வேண்டாம். அதே மைக்கைப் பிடிச்சுச் சொல்லுங்க. எங்கம்மாவை முன்வரிசையிலயே உக்கார வைக்கிறேன்.